ஐப்பசிக் காட்டுக்கு என்ன கலர்?

ஓசூர் சிப்காட் பக்கம் சில வீட்டு ஹால்களில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் ஆரஞ்சுமாக மரங்கள், ஏரிக்கரையில் கிளைக்கொம்பு மான், பின்னால் அமெரிக்கப் பழங்குடியினரின் கூம்புக் கூடாரம். அழகுதான், யார் இல்லேன்னா? ஆனால் 'இலையுதிர் காலம்' வரையச் சொன்னால் உங்க வீட்டு வாண்டும் அதையே காப்பியடிக்கிறதே!

நம்ம காடு அப்படி இல்லீங்க. அமெரிக்காவில் மேப்பிள் சிவக்கிற ஐப்பசியில், தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் மழை குடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கும். இலை கொட்டுவதெல்லாம் தை, மாசிக்குப் பிறகுதான். இந்த சீசனுக்கு விருந்தாளி மான் இல்லை, யானை! ராகி முற்றும் நேரம் பார்த்து, கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டமாக வந்துவிடும்.

"குடிசை வரையணுமே?" என்பார்கள். காட்டோரத்து இருளர் குடிசை இருக்கிறது. மூங்கில் தட்டி, மண் பூச்சு, புல் கூரை. இப்போது பலவும் காங்கிரீட் ஆகிவிட்டன.

அதைவிடப் பழைய 'வீடு' கிருஷ்ணகிரி அருகே மல்லச்சந்திரம் குன்றில் உண்டு. சுற்றிலும் பலகைக்கல், மேலே மூடுகல், ஒரு கல்லில் வட்டமாக ஓட்டை. குள்ளர் வீடு மாதிரிதான் தெரியும். ஆனால் அவை இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகள். சிலவற்றின் உட்பக்கம் வெள்ளை நிறத்தில் ஓவியங்கள். பர்கூர் பக்கத்து மல்லபாடியிலும் பாறையில் குதிரை வீரர்கள் வெள்ளையிலேயே சண்டை போடுகிறார்கள். ஒரே ஒரு கலர்! நம்ம பிள்ளைகளுக்கோ 24 கலர் கிரேயான் போதவில்லை.

கலர்தான் வேணும் என்று அடம் பிடித்தால் நீலகிரிக் குறும்பர்களைக் காட்டுங்கள். வேங்கை மரப் பிசின், இலைச்சாறு, மண் என்று காட்டிலேயே வண்ணம் எடுத்து, தேன் எடுப்பதையும் தங்கள் வீடுகளையும் வரைகிறவர்கள் அவர்கள். நம்ம சமையலறை மஞ்சள்தூள், தோட்டத்துச் செம்மண், அடுப்புக்கரி, அவரை இலைச்சாறு போதாதா?

அப்பா, அம்மா ஷிப்டுக்குப் போக, போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது கண்ணுக்கும் நல்லது. தினமும் 2 மணி நேரமாவது வெளியே பகல் வெளிச்சத்தில் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்கிறார்கள் கண் மருத்துவர்கள்.

ஆகவே நோட்டோடு மல்லச்சந்திரம் கிளம்புங்கள். வெயில் ஏறும் முன் குன்றேறிவிடணும். தொப்பி, தண்ணீர் அவசியம். ஓவியத்தைத் தொடக் கூடாது, போட்டோவில் பளிச்சென்று விழ வேண்டுமென்று தண்ணீர் தெளிக்கவே கூடாது. கல்லில் பேர் எழுதும் கை உங்க வீட்டுக் கையாக இருக்க வேண்டாம். அழிந்தால் திரும்ப வராது. கல்திட்டைகளில் பல ஏற்கெனவே சரிந்து கிடக்கின்றன. ஜவளகிரிப் பக்கம் மட்டும் யானை சீசனில் காட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள். யானையை மனசிலிருந்தே வரையட்டும்!