தாத்தாவின் மோரிஸ் மைனர் மின்சாரத்தில் ஓடுமா?



தோட்டத்து வீடுகளின் பக்கம் போகும்போது, ஏதாவது ஒரு கொட்டகையில் பழைய கார் ஒன்று நிற்பதைப் பார்க்கிறோம். டயரில் காற்று இருக்காது. பின் இருக்கையில் கோழி அடைகாத்துக் கொண்டிருக்கும். ஆனாலும் அதை விற்க வீட்டுப் பெரியவருக்கு மனம் வராது. கிராணியாக இருந்த அப்பா வாங்கிய கார் அது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்து வந்த கார். நடு இரவில் பிரசவ வலியோடு துடித்தவரை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்த கார்.

இப்பொழுது அதே வீட்டில் தொழிற்கல்வி முடித்த பேரன் சொல்கிறான்: "தாத்தா, எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைத்தால் இந்தக் கார் மறுபடியும் ஓடும்." தாத்தா ஆசையோடு காரைப் பார்க்கிறார். பாட்டியோ, "அதெல்லாம் சரி, காசு யாருடையது?" என்று கேட்கிறார். நேயர்களே, இந்த மூவரையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய உரையை அமைத்திருக்கிறோம்.

முடியுமா என்றால், முடியும். 2018ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் திருமண நாளன்று மணமக்கள் ஏறிச் சென்றது 1968ஆம் ஆண்டின் ஜாகுவார் கார். அதில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மின்சார மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதைச் செய்தது பெரிய கார் நிறுவனம். கொட்டகையில் வேலை செய்யப்போகும் நம் பேரனிடம் அந்தப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஆகவே அவனுக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். ஸ்பேனர் பிறகு வரலாம்.

நம் உதாரணத்துக்கு மோரிஸ் மைனர் காரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. நம் பெரியவர்களுக்கு நன்கு பழக்கமான கார் இது. எடை ஏறக்குறைய 750 கிலோதான். எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் பின்னால் கியர்பெட்டி. அங்கிருந்து நீண்ட தண்டு பின் சக்கரங்களுக்குப் போகிறது. எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டு, அதே கியர்பெட்டியோடு மோட்டாரை இணைக்க இந்த அமைப்பு இடம் கொடுக்கிறது.

இனி நோட்டுப் புத்தகத்தைத் திறப்போம். முதல் பக்கத்தில் எழுத வேண்டியது சட்டம். காரின் கிராண்டில் எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவாகியிருக்கின்றன. எஞ்சினைக் கழற்றிய மறுகணம் அந்த இரண்டும் பொய்யாகிவிடும். ஆகவே கிராண்டை எடுத்துக்கொண்டு முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குச் செல்ல வேண்டும். இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்குமா, எந்தப் பரிசோதனைக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும், யார் கையெழுத்திட்ட வரைபடம் கேட்பார்கள், விட்டுப்போன சாலை வரிக்கு என்ன செய்வது என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்தையும் கேட்க வேண்டும். அனுமதி இல்லாத மாற்றத்தோடு சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு மறுக்கப்படலாம். அப்பொழுது ஒரு காருக்காகக் குடும்பமே கடனாளியாகிவிடும்.

இரண்டாவது பக்கம் துரு. மோரிஸ் மைனருக்கு லோரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். தரைத் தகடு, கதவுக்குக் கீழுள்ள பகுதி, பின் ஸ்பிரிங் மாட்டப்பட்ட இடங்கள், முன்புறத் தாங்கிகள் ஆகியவற்றை ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று உள்வாங்கினால் அங்கே இரும்பு இல்லை, வெறும் சாயம்தான். நம் நாட்டு ஈரத்தில் பல ஆண்டுகள் நின்ற காரில் இது சாதாரணம். துருவை வெட்டி ஒட்டவைக்கும் செலவைத் தெரிந்துகொள்ளாமல் மோட்டார் வாங்குவது, சுவர் எழுப்பாமல் கூரைக்குத் தகரம் வாங்குவதைப் போன்றது.

மூன்றாவது பக்கம் தூரம். மின்சாரக் காரில் பெரிய செலவு மோட்டார் அல்ல. பெரும்பாலும் மின்கலம்தான், அதாவது பேட்டரி. தூரம் கூடக்கூட அதன் விலையும் கூடும். எனவே "எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்காமல், "எந்த நாளில் எங்கே போவோம்?" என்று கேட்க வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 36. கோயிலுக்கும் சந்தைக்கும் சுற்றிவர இன்னும் 10. மொத்தம் 46 கிலோமீட்டர்.

இவ்வளவு எடையுள்ள கார் நிதானமான வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட 150 வாட் மணி மின்சாரம் வேண்டும் என்று சற்றுத் தாராளமாகவே கணக்கிடுவோம். 46 கிலோமீட்டருக்கு 6,900 வாட் மணி. நம் மின்சாரக் கட்டணச் சீட்டில் காணும் யூனிட்டின்படி இது 6.9 யூனிட். மின்கலத்தை அடிமட்டம் வரை காலி செய்யக்கூடாது. 80 விழுக்காடு மட்டும் பயன்படுத்துவோம். அப்படியானால் 8.6 யூனிட் கொள்ளளவு வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல மின்கலம் தேயும். அந்தத் தேய்மானத்துக்கு இடம் விட்டால் 10.8 யூனிட் ஆகிறது.

இப்பொழுது கடைக்குப் போகலாம், விலை விசாரிக்க மட்டும். இத்தகைய வேலைக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலம் ஏற்றது. மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும். ஆனாலும் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. இதில் ஒரு கலம் 3.2 வோல்ட். 100 ஆம்பியர் மணி கலங்கள் 36ஐ வரிசையாக இணைத்தால் 115 வோல்ட், 11.5 யூனிட். நம் கணக்குக்குச் சரியாக இருக்கிறது.

"இது மேட்டில் ஏறுமா?" என்று தாத்தா கேட்பார். நியாயமான கேள்வி. அந்த மின்கலத்திலிருந்து 200 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 23 கிலோவாட். 1952க்குப் பிறகு வந்த 803 சி.சி. மோரிஸ் மைனரின் சக்தி 30 குதிரைத் திறன், அதாவது ஏறக்குறைய 22 கிலோவாட். ஆக, தாத்தா இளமையில் ஓட்டிய காருக்கு இது பெரிதும் குறைந்ததல்ல. மேலும், நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு இழுவிசையைத் தரும். ஆனால் வாங்கப்போகும் கலம் 200 ஆம்பியர் தரவல்லதா என்பதை அதன் விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கலமும் அவ்வளவு தராது.

நான்காவது பக்கம் எடை. எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்பே காரை எடை போட வேண்டும். அருகில் செம்பனை ஆலை இருந்தால், குலை ஏற்றிவரும் லோரிகளை நிறுக்கும் எடைமேடை அங்கே உண்டு. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் நிறுத்து எழுதிக்கொள்ளலாம். வேலை முடிந்த பிறகும் அந்த எண்களுக்கு அருகில் நிற்க வேண்டும் என்பதே நம் குறி.

36 கலங்களையும் மூன்று பெட்டிகளாகப் பிரிப்போம். பெட்டியோடு சேர்த்து ஒவ்வொன்றும் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெட்டிகளும் 50 கிலோ மோட்டாரும் முன்னால். ஒரு பெட்டி பின்னால், பெட்ரோல் தொட்டி இருந்த இடத்தில். எஞ்சினும் ரேடியேட்டரும் தொட்டியும் இறங்கிவிடுவதால் எடை பெரிதாக ஏறாது. பேராசைப்பட்டு இரண்டு மடங்கு மின்கலம் ஏற்றினால் அந்தச் சமநிலை போய்விடும். இந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை பழைய டிரம் பிரேக்குகள் என்பதை மறக்கக்கூடாது. ஓடச்செய்வதற்கு முன் நிறுத்தச்செய்ய வேண்டும். பிரேக் குழாய், உருளை, ரப்பர் அனைத்தையும் புதிதாக்குவதை மோட்டார் செலவுக்கு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது பக்கம் உயிர். இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தைச் சுவிட்சால் நிறுத்தலாம். மின்கலத்தை அப்படி நிறுத்த முடியாது. கார்ச் சாவியைக் கழற்றினாலும் கலங்களின் முனையில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. மின்சாரத்தை அனைத்துலக வாகன விதிகள் ஆபத்தானது என்கின்றன. நம் 36 கலங்களும் முழுமையாக ஏறியிருக்கும்போது 131 வோல்ட். அதனால்தான் மூன்று பெட்டி என்றோம். 12 கலங்கள் கொண்ட ஒரு பெட்டி 44 வோல்ட்டைத் தாண்டாது. வேலை செய்யும்போதெல்லாம் பெட்டிகளுக்கு இடையேயுள்ள இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எதுவும் உடலில் இருக்கக்கூடாது. ஸ்பேனரின் பிடிக்கு ரப்பர் உறை வேண்டும். தனியாக ஒருவர் வேலை செய்யவே கூடாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் தக்க ஃபியூஸ், ஆபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே, ஒவ்வொரு கலத்தையும் கண்காணித்து அளவு மீறும்போது நிறுத்தும் காவல் கருவி ஆகிய மூன்றும் இல்லாமல் காரை நகர்த்தக்கூடாது. மோட்டாரைக் கியர்பெட்டியோடு இணைக்கும் தகட்டை லேத்துப் பட்டறையில் அளவு பிசகாமல் கடைந்து வாங்க வேண்டும். மயிரிழை விலகினாலும் தாங்கிகள் தேய்ந்து கத்தத் தொடங்கும். மின் வேலையை, அதில் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இணைக்க வேண்டும். பேரன் கெட்டிக்காரன்தான், இருந்தாலும் இரண்டாவது கண் வேண்டும்.

மின்னேற்றுவதையும் இங்கேயே திட்டமிடுவோம். வீட்டுப் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு 2.3 யூனிட். ஒரு நாள் பயணத்துக்குச் செலவான மின்சாரத்தை ஏற்ற ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும். பழைய தோட்ட வீட்டின் கம்பிகள் அதைத் தாங்குமா என்று பதிவு பெற்ற வயர்மேன் பார்க்க வேண்டும். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானால் அவர்களுடைய சம்மதமும் வேண்டும். அண்டை வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கம் பாட்டியின் பக்கம். அதில் மூன்று வரிசை போடுங்கள். ஒன்றில் உடல், பிரேக், டயர்; அடுத்ததில் மோட்டார், மின்கலம், கருவிகள்; மூன்றாவதில் பட்டறைக் கூலி, பரிசோதனை, காப்புறுதி. கூட்டிவரும் தொகையோடு எதிர்பாராச் செலவுக்கென்று ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். "பெட்ரோல் காசு மிச்சமாகும்" என்ற பேச்சை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 46 கிலோமீட்டருக்கு அந்தக் கார் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வாரத்தில் ஓரிரு நாள் ஓடும் காரில் அந்த மிச்சத்தைக் கொண்டு மின்கலத்தின் விலையை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும்.

2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கிறது. அதிலிருந்து எப்பொழுது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக இதற்கு எடுக்க வேண்டியதில்லை. வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணம், முதுமைக்கு நிழலாக இருக்க வேண்டியது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இந்தப் பக்கங்களில் ஏதாவது ஒன்று "வேண்டாம்" என்று சொன்னால், அங்கேயே நிறுத்திவிடலாம். அதுவும் தோல்வியல்ல, காகிதத்தில் நிறுத்தியதால் பணமும் பிழைத்தது, காரும் பிழைத்தது. பழைய எஞ்சினைச் சீர்செய்து ஓட்டும் வழி இன்னும் திறந்தே இருக்கும். எல்லாப் பக்கமும் "சரி" என்றால் தொடங்கலாம். அப்பொழுதும் காரின் உடலை வெட்டாமல், இருக்கும் ஓட்டைகளிலேயே தாங்கிகளை முடுக்குங்கள். கழற்றிய எஞ்சினுக்கு எண்ணெய் தடவி, மரப்பெட்டியில் வைத்து, எண்ணைக் குறித்து வையுங்கள். நாளை இன்னொரு பேரன் அதைத் திரும்ப மாட்ட விரும்பலாம்.

நேயர்களே, இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பேரன் எழுத, தாத்தா சொல்ல, பாட்டி கணக்குப் பார்க்க, முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். அந்தக் கோழிக்கு மட்டும் முன்கூட்டியே வேறு இடம் பார்த்துவிடுங்கள்.