உஷார்! அந்த பூஸ்ட் மீட்டர் இன்ஜினையே தின்றுவிடும்

டர்போ போட்ட, போடப்போகிற புராஜெக்ட் கார்க்காரர்கள் கொஞ்சம் நில்லுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலோ ஆன்லைனிலோ மூன்று மீட்டர் கொண்ட செட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு மாட்டிவிடலாம் என்று காத்திருந்தால், கவரைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மீட்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி கொடுத்த டெம்பரேச்சர் முள், பல கார்களில் கொஞ்சம் சூடு ஏறினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஆயில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் பிரஷர் ஏற்கெனவே போய்விட்டது. டர்போ வண்டிக்கு வெளி மீட்டர் அவசியம்தான். ஆனால் ஒவ்வொரு மீட்டருக்காகவும் இன்ஜினில் ஒரு வாசலைத் திறக்கிறீர்கள்: ஆயில் பாதையில் ஒன்று, காற்றுப் பாதையில் ஒன்று, புகைக் குழாயில் ஒன்று. டயலின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பூஸ்ட் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, மாட்டுவது சுலபம், ஆபத்தும் அங்கேதான். ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு பிளாஸ்டிக் டி ஜாயிண்ட். கைக்கு முதலில் எட்டுகிற குழாயை வெட்டி டியைச் செருகிவிடுகிறார்கள். கைக்கு எட்டுகிற அந்தக் குழாய் பல நேரம் டர்போவிலிருந்து வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போவதாக இருக்கும். பூஸ்ட் அளவைத் தாண்டும்போது புகையை வேறு வழியில் திருப்பிவிட்டு டர்போவை அடக்குவது வேஸ்ட்கேட். அதைத் திறக்க வைப்பதே அந்தக் குழாயில் வரும் அழுத்தம். டி கழன்றாலோ, சூட்டில் வெடித்து ஒழுகினாலோ வேஸ்ட்கேட் மூடியே கிடக்கும். 0.6 பாருக்கு அமைத்த டர்போ அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் மீட்டர் என்ன காட்டும்? ஹோஸ்தான் கழன்றுவிட்டதே, முள் பூஜ்யத்தில் நிற்கும்!

ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் குழாயிலும் கை வைக்காதீர்கள். அது ஒழுகினால், பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தம் கூடவே ஏறாது. மிக்சர் லீன் ஆகி நாக்கிங் தொடங்கும், பிறகு பிஸ்டன். த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டில், மீட்டருக்கென்று தனியாக ஒரு நிப்பிள் போட்டு, நல்ல ஹோஸும் கிளாம்பும் போடுங்கள். அதைவிட, சென்சார் பானட்டுக்குள்ளேயே இருந்து வயர் மட்டும் உள்ளே வரும் எலெக்ட்ரானிக் வகையை வாங்குங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டரில் இது இன்னும் கண்டிப்பான விஷயம். மெக்கானிக்கல் வகையில் ஒரு மெல்லிய நைலான் குழாய் வழியாக இன்ஜின் ஆயிலே டேஷ்போர்டு வரை வரும். ஃபயர்வால் துளையில் உரசி அது அறுந்தால், கொதிக்கும் ஆயில் உங்கள் காலில் பீய்ச்சும். டர்பைன் பக்கம் தெறித்தால் தீ. தெருவில் ஓட்டும் வண்டிக்கு அந்த வகையே வேண்டாம்.

எலெக்ட்ரானிக் வாங்கினாலும் மரையைப் பாருங்கள். வெளிநாட்டு மீட்டர்களோடு வரும் சென்சார் பெரும்பாலும் 1/8 என்.பி.டி மரை. மாருதி, ஹோண்டா, டொயோட்டா போன்ற ஜப்பானிய வம்ச இன்ஜின்களில் ஆயில் ஸ்விட்ச் இருக்கும் துளை பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி. ஒன்றுக்கு அங்குலத்துக்கு 27 மரை, மற்றதற்கு 28. கோணமும் வேறு, 60 டிகிரி, 55 டிகிரி. அதனால்தான் ஏமாந்துபோகிறோம்: இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு ஸ்பேனர் போட்டால் இன்னும் ஏறும், அலுமினியம் விரிசல் விடும் வரை. சரியான அடாப்டர் சில நூறு ரூபாய். பிளாக் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

கனமான சென்சாரைப் பித்தளை டியில் தொங்கவிட்டு நேராக பிளாக்கில் மாட்டுவதும் நம் பட்டறைகளில் சாதாரணம். இன்ஜின் அதிர்வில் பித்தளை களைத்து ஒரு நாள் முறியும். முறிந்த நொடியிலிருந்து ஆயில் ரோட்டில். ஒரு சின்ன பின்னல் ஹோஸ் வழியாக சென்சாரை பாடியில் கட்டுங்கள். டெஃப்ளான் டேப்பைச் சுற்றித் தள்ளாதீர்கள். பல சென்சார்களுக்கு உடம்புதான் எர்த். டேப் அதை மறைத்தால் முள் ஆடும். பிய்ந்த டேப் துணுக்கு டர்போவின் ஆயில் வழியில் அடைத்தால் பேரிங் காலி.

இன்னொன்று, நிஜமாகவே பயப்பட வேண்டியது. சென்சார் தனியாக, மீட்டர் தனியாக வாங்கிச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய வி.டி.ஓ வகை சென்சார் பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழுப் பிரஷரில் 180 ஓம். அமெரிக்க வகை இதற்கு நேர் தலைகீழ்: பூஜ்யத்தில் 240, உச்சத்தில் 33. ஒரு வகை சென்சாரை மற்ற வகை மீட்டரில் மாட்டினால், ஆயிலே இல்லாத இன்ஜினுக்கு முள் உச்சியைத் தொட்டு நிற்கும். 1000 ஆர்.பி.எம்முக்கு 10 பி.எஸ்.ஐ என்ற பட்டறைக் கணக்கையெல்லாம் அந்த முள்ளை வைத்துப் போட்டு என்ன பயன்?

அடுத்தது, காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஏ.எஃப்.ஆர் மீட்டர். வண்ண விளக்குகள் வரிசையாக ஓடும் மலிவு வகைகள் பல நேரோபேண்ட் சென்சாரை நம்புபவை. அந்த சென்சார் 14.7க்குப் பக்கத்தில் மட்டும் சட்டென்று தாவும், 11.5க்கும் 13க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் 'ரிச்' என்றே சொல்லும். முழு பூஸ்டில் அந்த வித்தியாசத்தில்தான் பிஸ்டனின் உயிர் இருக்கிறது. வைட்பேண்ட் தவிர வேறெதையும் தொடாதீர்கள். அதிலும் போலி சென்சார் உண்டு. எந்த சென்சார் என்று கேளுங்கள், போஷ் எல்.எஸ்.யூ 4.9 என்று பதில் வந்தால் நம்பகமான கடையில் வாங்குங்கள். வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்ட வேண்டாம். அந்தந்த சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள் இருக்கிறது. மாட்டும் இடம் டர்போவுக்குப் பின்னால், டவுன்பைப்பில், தண்ணீர் தேங்காதபடி மேல்நோக்கிய சாய்வில்.

மீட்டர் காட்டும் எண்ணை லாம்டாவில் வையுங்கள். இப்போது நம் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் சரிவிகிதம் 13.5 பக்கம் இறங்கிவிட்டது, ஆனால் மீட்டர் பழைய பெட்ரோல் கணக்கில் 14.7 என்றே காட்டும். நீங்கள் ஒரு கணக்கிலும் டியூனர் ஒரு கணக்கிலும் பேசினால் போச்சு. லாம்டாவில் எந்த எரிபொருளுக்கும் சரிவிகிதம் 1.00.

பணம் இரண்டு மீட்டருக்குத்தான் இருக்கிறதா? வைட்பேண்ட், ஆயில் பிரஷர். எல்லோரும் முதலில் வாங்குகிற பூஸ்ட் மீட்டருக்கு என் கணக்கில் மூன்றாம் இடம். எச்சரிக்கை விளக்கும் பீப் சத்தமும் உள்ளதாகப் பாருங்கள், 6000 ஆர்.பி.எம்மில் எவரும் டயலைப் படித்துக்கொண்டு ஓட்டுவதில்லை.

ஜப்பானிய டெஃபி மீட்டரைப் பார்த்து வார்த்த போலிகள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. சாவி போட்டதும் முள் ஒரு சுற்று போய் வருவதில் மயங்காதீர்கள்; உள்ளே மோட்டார் சுற்றுகிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. ஏ பில்லரில் மீட்டர் பாட் ஒட்டும் முன் அங்கே 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கர்ட்டன் ஏர்பேக் விரியும் வழியில் மூன்று மீட்டரை வைத்தால், மோதலில் அவை உங்கள் முகத்துக்கே வரும்.

வந்த பெட்டியை வண்டியில் மாட்டும் முன் வீட்டிலேயே சோதியுங்கள். டெம்பரேச்சர் சென்சாரின் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டு, மீட்டரையும் எர்த்தையும் பேட்டரியில் கொடுங்கள்: சென்னையில் 100 காட்ட வேண்டும், ஊட்டியில் 92, 93. பூஸ்ட் சென்சாருக்கு ஒரு ஃபுட் பம்ப், டியில் நம்பகமான இன்னொரு கேஜ். 1 பார் என்றால் 14.5 பி.எஸ்.ஐ. ஆயில் பிரஷர் சென்சாரையும் இதே பம்பில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி தள்ளிக் காட்டினால் பெட்டியை மூடி, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.