படத்தில் இல்லாததை எழுதுங்க பாஸ்!

“டிசைன் ரெடி மச்சி. இதை அப்படியே வெப்சைட்டா மாத்திக் கொடுத்துடு!”

சிம்போசியம் சீஸனில் காலேஜ் காலேஜாகக் கேட்கிற டயலாக் இது. சொல்கிறவருக்கு ஒரே வரி. செய்கிறவருக்கோ ஒரு வாரத் தூக்கம் காலி! டிசைன் என்பது வெறும் படம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எழுதி அதை நிஜப் பக்கமாக்கும் ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பருக்குப் படத்தோடு ஒரு ‘ஸ்பெக்’கும் வேணும். அதாவது, பக்கம் எப்போ எப்படி நடந்துக்கணும்னு தெளிவா எழுதின குறிப்பு. ஐ.டி. வேலைக்குப் போகப் போறவங்க, பார்ட் டைமா வெப்சைட் செய்து பாக்கெட் மணி பார்க்கிறவங்க... ரெண்டு பேருக்குமே இது சோறு போடற விஷயம்.

படம் சொல்லாத கதை

படத்தில் ‘பதிவு செய்’ பட்டன் நீலக் கலரில் ஜம்முனு இருக்கு. மவுஸை மேலே கொண்டுபோனா என்ன ஆகணும்? கீபோர்டில் டேப் தட்டி வந்தா எப்படித் தெரியணும்? நெட் ஸ்லோவா இருந்து ரெண்டாவது தடவை அழுத்திட்டா? மொபைல் நம்பரில் ஒன்பது இலக்கம் மட்டும் அடிச்சா, தப்புன்னு எங்கே, எந்த வார்த்தையில் சொல்றது? ஒரே பட்டனுக்கு இத்தனை முகம்! படத்தில் இருப்பது ஒண்ணே ஒண்ணு. மீதியை எழுதாவிட்டால் டெவலப்பர் தனக்குத் தோணினதைச் செய்வார். அப்புறம் ‘நான் இப்படிக் கேட்கலையே’ன்னு ஆரம்பிக்கும் பஞ்சாயத்து.

‘நல்லா’ன்னா எவ்வளவு?

‘மொபைல்லயும் நல்லா தெரியணும்’னு எழுதினா டெவலப்பருக்கு ஒண்ணும் புரியாது. திரைக்குத் தகுந்தபடி பக்கம் மாறுவதற்கு ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’னு 2010-ல் பேர் வெச்சவர் ஈத்தன் மார்காட். ஆனா, எந்த அகலத்தில் எது மாறணும்னு நீங்கதான் சொல்லணும். ‘768 பிக்சலுக்குக் கீழே மூணு கார்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரணும். 320 பிக்சலிலும் பக்கவாட்டு ஸ்க்ரோல் கூடாது’ன்னு எழுதிப் பாருங்க. சந்தேகத்துக்கே இடமில்லை!

கலருக்கும் கணக்கு உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க ஸ்டைல்தான். பார்வை குறைந்தவர் படிக்க முடியுமா? சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேணும்னு 2008-லேயே டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி சொல்லியாச்சு. ஸ்பெக்கில் அந்த ஒரு வரி இருந்தா, ஒரு மாணவர் யார் உதவியும் இல்லாம தானே ஃபார்மை நிரப்பலாம்.

தமிழுக்கு இடம் விடுங்க

இங்கிலீஷ் வார்த்தைக்கு அளந்து வரைஞ்ச பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’னு போட்டா எழுத்து வெளியே வழியும். ‘வார்த்தைக்கு ஏத்தபடி பட்டன் நீளணும், ரெண்டு வரியானா உயரம் கூடணும்’னு எழுதிடுங்க. தமிழில் மேலே புள்ளி, கீழே சுழி எல்லாம் உண்டு. வரி இடைவெளி நெருக்கமா இருந்தா ஒண்ணோடொண்ணு இடிக்கும். அதனால அந்த அளவும் தேவை. இன்னொண்ணு... ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’னு ஒரு கட்டம் வெச்சா, இனிஷியல் மட்டும் உள்ள நம்ம ஆளுங்க என்ன எழுதுவாங்க? பேருக்கு ஒரே கட்டம் போதும்!

எது முடிஞ்ச வேலை?

கடைசிப் பக்கத்தில் ஒரு செக் லிஸ்ட் கட்டாயம். எந்தெந்த பிரவுசர், எந்தெந்த ஸ்க்ரீன், எதெல்லாம் சரியா இருந்தா வேலை முடிஞ்சதா அர்த்தம்னு அதில் வரணும். பழைய ஸ்பெக்கைக் காப்பியடிச்சு ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் ஓடணும்’னு எழுதாதீங்க. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனிலேயே அதுக்கு ஓய்வு கொடுத்தாச்சு. லிஸ்ட் இல்லைன்னா ‘இன்னும் கொஞ்சம் மாத்து’ முடியவே முடியாது. சேர வேண்டிய காசும் கைக்கு வராது.

அதுக்காக ஃப்ளெக்ஸ்பாக்ஸா, கிரிட்டா என்பதையெல்லாம் நீங்க முடிவு பண்ணாதீங்க. என்ன வேணும்னு சொல்றது உங்க வேலை, எப்படிச் செய்யறதுங்கிறது டெவலப்பர் ஏரியா.

எழுதி முடிச்சதும், இந்த வெப்சைட் பத்தி எதுவுமே தெரியாத ஒரு ஃப்ரெண்டிடம் டிசைனையும் ஸ்பெக்கையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. அவர் கேட்கிற கேள்வியை எல்லாம் குறிச்சுக்கிட்டு, பதிலை ஸ்பெக்கில் சேர்த்த பிறகு டெவலப்பருக்கு அனுப்புங்க!