மலக்குழி மூடியைத் திறக்கும் முன்: வீட்டுப் பராமரிப்பும் சாதியும் சட்டமும்

குழாய் ஒழுகினால் கடைக்குச் சென்று வாஷர் வாங்கி நாமே மாற்றிக்கொள்கிறோம். சுவருக்கு வண்ணம் பூசுவதை விடுமுறை நாள் வேலையாக வைத்துக்கொள்கிறோம். மின்கம்பி வேலை என்றால் மட்டும் அச்சம் வருகிறது. தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைக்கிறோம். எதை நாமே செய்வது, எதற்குத் தொழில் தெரிந்தவரை அழைப்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் செலவு, நேரம், திறமை, ஆபத்து ஆகியவற்றைக் கருதியே முடிவு செய்கிறது.

கழிப்பறை நிரம்பி வழியும் நாளில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. "ஆள் யாராவது கிடைப்பார்களா?" என்ற கேள்வி மட்டுமே எழுகிறது. அந்த 'ஆள்' எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவரிடம் உரிமம் இருக்கிறதா, பயிற்சி இருக்கிறதா, கருவி இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. மின்கம்பியைத் தொட அஞ்சும் அதே வீடு, அதனினும் கொடிய ஆபத்துள்ள குழிக்குள் ஒரு மனிதரை வாளியும் கயிறும் கொடுத்து இறக்குகிறது.

இந்த முடிவை எடுப்பது திறமையோ செலவோ அல்ல, சாதி. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களுள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் பட்டியல் சாதியினர் என்பது அரசே வெளியிட்ட தகவல். எனவே, வீட்டு வேலையை நாமே செய்வதா, ஆள் வைத்துச் செய்வதா என்ற எளிய கேள்வியைச் சட்டத்தின் துணையோடு மலக்குழியின் விளிம்பில் நின்று கேட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

குழிக்குள் நடப்பது என்ன?

மூடிய தொட்டியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் உருவாகின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால் குழியின் அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றில் அது பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மணத்தை உணரும் திறனை இழக்கத் தொடங்குகிறது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று எண்ணும் தருணமே உயிர் பறிக்கும் தருணமாக இருக்கக்கூடும். 700 முதல் 1000 பங்கு வரை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே மனிதர் நினைவிழந்து விழுவார்.

மூடியைச் சில மணி நேரம் திறந்து வைப்பதும், தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் பாதுகாப்பு ஆகா. கசடைக் கலக்கும்போது அதனுள் அடைபட்டிருந்த வாயு புதிதாக வெளியேறும், மீத்தேன் தீப்பற்றும். முதலில் இறங்கியவர் மயங்கியதும் அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ மகனோ இறங்குகிறார். ஒரே குழியில் இருவர், மூவர் மாண்டார்கள் என்ற செய்திகள் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

பயன்பாட்டுக்கு வராத புதிய தொட்டியும் இதற்கு விலக்கல்ல. கான்கிரீட் போட்டுப் பல நாள்கள் மூடிக்கிடந்த தொட்டியில் ஈரப் பலகையும் தேங்கிய நீரும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கும் கட்டடத் தொழிலாளர்கள் இவ்வாறு இறந்திருக்கிறார்கள். வீடு கட்டுவோர் பெரும்பாலும் அறியாத ஆபத்து இது.

சட்டம் வீட்டு உரிமையாளரைப் பார்க்கிறதா?

"அது மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் உரிய சட்டம், என் வீட்டுக்குள் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மனிதக் கழிவுகளை மனிதர்களே அகற்றும் பணிக்கு அமர்த்துதல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் பிரிவு 7 இதற்கு விடை தருகிறது. எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் சாக்கடையையோ மலக்குழியையோ ஆபத்தான முறையில் தூய்மை செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் அமர்த்தக் கூடாது. 'எந்த நபரும்' என்ற சொல்லுக்குள் வீட்டு உரிமையாளரும் அடங்குவார். தரகர் வழியாக ஆள் பிடித்தாலும் 'மறைமுகமாக' என்ற சொல் அவரை விடாது.

பிரிவு 9இன்படி முதல் முறை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பிரிவு 22 இக்குற்றத்தைப் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதாகவும் பிணையில் விட இயலாததாகவும் ஆக்கியுள்ளது.

இச்சட்டத்தில் ஒரு பலவீனம் உண்டு. பாதுகாப்புக் கருவிகள் தரப்படாமலும் முன்னெச்சரிக்கைகள் பின்பற்றப்படாமலும் கையால் செய்யப்படும் தூய்மைப் பணியையே அது 'ஆபத்தான தூய்மைப் பணி' என வரையறுக்கிறது. "கையுறை கொடுத்தேன்" என்று தப்பிக்க முயல்வோர் இதையே பற்றிக்கொள்கிறார்கள். ஆனால், 2013ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் அந்த வாதம் நிற்காது. வாயு அளவிடும் கருவி, காற்று ஊதும் இயந்திரம், குழாய் வழிச் சுவாசக் கருவி, முழு உடல் கவசம், பாதுகாப்புக் கச்சை என நீளும் பட்டியல் அது. எந்தக் குடும்பத்தாலும் இவற்றைத் தர இயலாது. ஆகவே, ஒரு வீட்டார் தம் மலக்குழிக்குள் ஒருவரை இறக்குவது அநேகமாக எப்போதும் குற்றமே.

எதை நாமே செய்யலாம்?

வீட்டாரின் வேலை மூடிக்கு வெளியே உள்ளது. அதை அவர்களே செய்ய முடியும். கழிப்பறைக் கிண்ணத்தின் அடைப்பை ரப்பர் பிளஞ்சரால் நீக்கலாம். சேம்பர் வரையிலான குழாயின் அடைப்பை, கையுறை அணிந்து, வெளியில் நின்றபடி நெளியும் கம்பியால் எடுக்கலாம். நாப்கின், துணி, பிளாஸ்டிக், சமையல் எண்ணெய் ஆகியவை கழிப்பறைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி அடைப்புகள் ஏற்படவே மாட்டா. தொட்டியை 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்வதை நாட்குறிப்பில் எழுதி வைக்கலாம். பத்து ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட கசடு இறுகிப்போய், "லாரிக் குழாய் உறிஞ்சவில்லை, ஆள்தான் இறங்க வேண்டும்" என்ற நிலை உருவாகிறது. அந்த மரணத்தின் தொடக்கம் நம் அலட்சியத்தில் இருக்கிறது.

தொட்டியைக் காலி செய்வது இயந்திரத்தின் வேலை. உள்ளாட்சியின் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். வண்டி வந்ததும் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். கசடு இறுகியிருந்தால் மேலிருந்து நீரைப் பீய்ச்சி இளக்கி மீண்டும் உறிஞ்ச வேண்டும். "அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இறங்கி அள்ளிவிடுகிறேன்; முன்னூறு ரூபாய் கூடக் கொடுங்கள்" என்று எவரேனும் சொன்னால் மறுக்க வேண்டும். தொட்டியை முற்றிலும் துடைத்தெடுக்கத் தேவையே இல்லை. அடியில் எஞ்சும் சிறிது கசடு நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக உதவும்.

குழிக்குள் இறங்குவது எவருடைய வேலையும் அல்ல. வீட்டு உரிமையாளரும் இறங்கக் கூடாது.

"அவரவரே செய்தால் சாதி ஒழியுமா?"

காந்தி தம் ஆசிரமங்களில் கழிப்பறையை அவரவரே தூய்மை செய்ய வேண்டும் என்றார். மலம் அள்ளுவதை உயர்ந்த தொண்டாகப் போற்றும் பார்வையை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். ஒருவர் விரும்பி ஒரு நாள் செய்வதும், ஒரு சாதி தலைமுறை தலைமுறையாக வேறு வழியின்றிச் செய்வதும் ஒன்றல்ல. நம் கழிப்பறையை நாமே கழுவுவது அடிப்படை ஒழுக்கம். அதைச் சாதி ஒழிப்பு என்று கொண்டாட வேண்டியதில்லை. சாதி ஒழிப்புக்கு இயந்திரம் வேண்டும், மாற்று வேலை வேண்டும், சட்டம் கடித்துக் காட்ட வேண்டும்.

மரணம் நேர்ந்தால்

களத்துக்குச் செல்லும் தோழர்கள் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். காவல்துறை இத்தகைய மரணங்களைச் சந்தேக மரணமாகவோ கவனக்குறைவாகவோ மட்டும் பதிவு செய்ய முயல்வதை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் 7, 9 முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற வலியுறுத்த வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(j)ஐச் சேர்க்கக் கோர வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்கக் குற்றம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் அளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 10. எனவே துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்க இயலாது.

சாக்கடையிலும் மலக்குழியிலும் 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. "தனியார் வீட்டில் நடந்தது" என்று அதிகாரிகள் கைகழுவ முனையும்போது, 2014ஆம் ஆண்டு ஆணை தனியார் இடம், அரசு இடம் என்று பிரிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும். வீட்டுக்காரர் நீட்டும் பணத்துக்கு ஈடாகச் சமரசத் தாளில் கையெழுத்திட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். அத்தாள் குற்ற வழக்கை முடித்துவிடாது, ஆனால் சாட்சிகளை மௌனமாக்கிவிடும்.

இவை மரணத்துக்குப் பிந்தைய வேலைகள். முந்தைய வேலை ஒன்றும் இருக்கிறது. இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் விடுதியிலும் வாடகை வீட்டிலும் சொந்த வீட்டிலும் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: தொட்டி நிரம்பினால் யாரை அழைக்கிறீர்கள்? பதிலாக லாரியின் எண் வராமல் ஒரு மனிதரின் பெயர் வந்தால், அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே நாம் தலையிட வேண்டும்.