க்ஷயரோகமும் ஏழையின் குடிசையும்

இன்று காசநோய் என்று வழங்கும் க்ஷயரோகம் கண்டவனுக்கு நல்ல காற்றும், பாலும் முட்டையும், மாதக்கணக்கான ஓய்வுமே மருந்து என்று வைத்தியர்கள் கூறிவந்த காலம் ஒன்று இருந்தது. வசதி படைத்தோர் அவற்றைத் தேடிக் கடல் கடந்தும் சென்றனர். ஸ்ரீமதி கமலா நேரு சிகிச்சைக்காக ஐரோப்பா சென்று, 1936-ம் வருஷத்தில் லோஸான் நகரில் இந்நோயாலேயே உயிர் நீத்ததை நமது நேயர்கள் அறிவார்கள். அவர்களுக்கே கதி இதுவாயின், அன்றாடம் கூலி வேலை செய்து பிழைப்பவன் என்ன செய்வான்? அவனுக்கு ஸானடோரியத்தில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், அவன் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

1952-ம் வருஷத்தில் ஐஸோனியஸிட் என்னும் மலிவான மாத்திரை வழக்கத்துக்கு வந்தது. நோயாளி தன் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையக்கூடுமா, அல்லது ஆஸ்பத்திரிப் படுக்கை இன்றியமையாததா என்ற வழக்கு அப்போது எழுந்தது. அவ்வழக்கை விசாரித்துத் தீர்ப்புக் கூறிய ஊர் நமது சென்னை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் கூடி 1956-ல் இங்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் ஆராய்ச்சியை நடத்தினார். நகரத்து ஏழை மக்களிலிருந்து 193 நோயாளிகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கியதுபோல எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றி, இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியார் ஸானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் நெருக்கமான தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. ஸானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேரும் நற்பலன் கண்டனர். வீட்டிலிருந்தோர் உண்டதோ குறைவு, உழைத்ததோ அதிகம். எனினும் மருந்து தன் வேலையைச் செய்தது. வீட்டிலுள்ள பெண்டு பிள்ளைகளை நோய் அதிகமாகப் பற்றுமே என்று அஞ்சியவர்களுக்கும் விடை கிடைத்தது. ஐந்து வருஷங்கள் கவனித்தும், அக்குடும்பங்களுக்கு அதனால் கூடுதலான தீங்கு விளைந்ததாகக் காணவில்லை. உலக தேசங்கள் பலவும் பின்னர் இந்த வழியையே கைக்கொண்டன.

நிற்க. மருந்து போதுமென்றால் ஏழைக்கு உணவு எதற்கு என்று சிலர் அனர்த்தம் செய்துகொள்ளக்கூடும். அது பெரும் பிழை. இந்நோயின் கிருமி இருமலில் பறந்து, மூச்சுடன் உட்புகுகிறது. உட்புகுந்த எல்லாரையும் அது வீழ்த்துவதில்லை. பெரும்பாலோருடைய தேகம் அதைச் சிறைப்படுத்திவிடுகிறது. பட்டினியால் பலம் குன்றிய தேகத்திலோ அச்சிறை எளிதில் உடைகிறது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் நடந்த ஆராய்ச்சி இதற்குச் சாக்ஷி. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் அளித்தனர். ஒரு பாதிக் குடும்பங்களில் வீட்டார்க்கும் அரிசி, பருப்பு முதலியவற்றை மாதந்தோறும் அளித்தனர். அவ்வாறு உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்ததென்று 2023-ல் வெளியிட்டனர். நோயுற்றவனை மருந்து மீட்கும். நோயுறாதவனைச் சோறு காக்கும்.

இவ்வளவு அறிந்தும் நாம் நிற்கும் நிலை என்ன? உலகத்துக் காசநோயாளரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் நம் தேசத்தவர். 2025-க்குள் இந்நோயை ஒழிப்பதாகச் சர்க்கார் 2018-ல் உறுதி கூறினர், அவ்வுறுதி நிறைவேறவில்லை. வழி காட்டிய தேசமே வழியில் பின்தங்கி நிற்பது நமக்குப் பெருமை தருவதன்று.

குறையைச் சர்க்கார்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வீட்டுச் சிகிச்சை என்பது அண்டை அயலாரையும் பொறுப்பாளிகளாக்கும் சிகிச்சை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவனைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது யார்? சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியதும் மருந்தை நிறுத்துகிறவனிடம், ஆறு மாதமும் உண்ணாவிடில் மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றக்கூடுமென்று எடுத்துரைப்பது யார்? நோயென்று தெரிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரனைத் தட்டிக் கேட்பது யார்?

தேர்தல் காலத்தில் ஒவ்வொரு வீட்டின் வாசற்படியும் நம் தொண்டர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே வாசற்படிகளில் மற்றக் காலங்களிலும் ஏறி, இருமல் சத்தம் கேட்கும் வீட்டில் சற்று நின்று விசாரிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குடிசையிலும் குணமடையலாம் என்று சென்னை தீர்ப்பளித்து அறுபது வருஷங்களுக்கு மேலாயிற்று. அத்தீர்ப்பை நிறைவேற்றி வைப்பது நமது கடமை.