வீட்டிலேயே மர வேலை செய்றீங்களா? தரையில் கிடக்கும் தூளை விட காற்றில் மிதக்கும் தூசிதான் ஆபத்து... தப்பிப்பது எப்படி?

கார் ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ ஒரு மேஜை, ஒரு கட்டிங் மெஷின், ஒரு சாண்டர். யூடியூப் பார்த்து ஸ்டூல், ஷெல்ஃப் என்று சொந்தமாகச் செய்பவர்கள் இப்போது நிறைய பேர். வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிட்டால் இடம் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் துடைப்பம் எடுத்த அந்த நிமிடத்தில்தான் பிரச்சனை பெரிதாகிறது.

எந்தத் தூசி ஆபத்து?

இழைப்புளியில் வரும் சுருள் சீவல், ரம்பத்தில் கொட்டும் தூள் ஆகியவை கனமானவை. உடனே தரைக்கு வந்துவிடும், அள்ளிக் கொட்டிவிடலாம். உப்புத்தாளில் தேய்க்கும்போதும், சாண்டர், ரூட்டர் ஓடும்போதும் கிளம்பும் மாவு போன்ற தூசிதான் நுரையீரலுக்குள் போகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரான் துகள் மூக்கு உயரத்தில் இருந்து தரைக்கு வர சில நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகள் என்றால், காற்றே அசையாத அறையில்கூட பல மணி நேரம் மிதக்கும். சீலிங் ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்க உட்காரும்போதும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறோம்.

நம்ப முடியவில்லையா? ராத்திரி வேலை முடிந்ததும் லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் எவ்வளவு மிதக்கிறது என்று தெரியும்.

உடம்புக்கு என்ன செய்யும்?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை 1995-லேயே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியிலும் சைனஸிலும் வரும் புற்றுநோய் அது. ஆனால் பதற வேண்டாம். அது அரிதான நோய், பெரும்பாலும் வருடக்கணக்கில் தூசியிலேயே வேலை பார்த்தவர்களிடம் காணப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பம் பிடிப்பவருக்கு சீக்கிரம் வரக்கூடியது தும்மல், கண் எரிச்சல், தோல் அரிப்பு, வீசிங். தேக்கு, ஈட்டி மரத் தூசி சிலருக்கு அலர்ஜி தரும். பல வருடம் ஒன்றும் ஆகாதவருக்கும் திடீரென்று ஆரம்பிக்கலாம். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் தூசியே போதும்.

எம்.டி.எஃப். பலகை வெட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. வெட்டினால் டால்கம் பவுடர் மாதிரி பறக்கும். அந்தப் பசையில் பொதுவாக ஃபார்மால்டிஹைடும் இருக்கும்.

வீட்டு வொர்க்‌ஷாப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. கம்பெனியில் வேலை பார்ப்பவர் தூசியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். இங்கே கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிறது, ஆஸ்துமா உள்ள பாட்டி இருக்கிறார்.

முதலில் எதை வாங்குவது?

பலரும் முதலில் ஏர் பியூரிஃபயர் விலையைத்தான் தேடுகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டியது. தூசி காற்றில் கலந்த பிறகு வடிகட்டுவதை விட, கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சுவதுதான் பலன் தரும். சாண்டரின் பின்னால் உள்ள குழாய் வாயில் வேக்குவம் கிளீனரின் ஹோஸை மாட்டுங்கள். உப்புத்தாளில் உள்ள ஓட்டைகள் சாண்டர் அடியில் உள்ள ஓட்டைகளோடு சரியாகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் உறிஞ்சாது.

சாதாரண துணிப் பை வேக்குவம் என்றால் பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு, நுண்தூசியைப் பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே ஊதும். ஹெப்பா ஃபில்டர் உள்ள மெஷின் நல்லது. ஆனால் மரத்தூளில் அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், இழுவையும் குறைந்துவிடும். அதற்குத்தான் நடுவில் சைக்ளோன் வைக்கிறார்கள். கூம்பு வடிவத்தில் காற்றைச் சுழற்றி, கனமான தூளைக் கீழே உள்ள வாளியில் தள்ளிவிடும். 20 லிட்டர் பெயிண்ட் வாளி மேலேயே பொருத்திக்கொள்ளலாம். மெல்லிய வாளி வேண்டாம். ஹோஸ் அடைத்தால் இழுவையில் நசுங்கிவிடும்.

அடுத்து எக்ஸாஸ்ட் ஃபேன். குளிர் நாடுகளில் ஹீட்டர் போட்ட காற்றை வெளியே விட முடியாது. அதனால்தான் அங்கிருந்து வரும் வீடியோக்களில் அறைக்காற்றையே திரும்பத் திரும்ப வடிகட்டும் பெட்டிகளைக் காட்டுகிறார்கள். நம்ம ஊரில் அந்தக் கவலை இல்லை, தூசிக் காற்றை நேராக வெளியேற்றலாம். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே இருப்பது 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு 10 முறை மாற்ற 340 கன மீட்டர் தள்ளும் ஃபேன் வேண்டும். அந்த அளவு பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் போகும் கதவு மூடியிருக்க வேண்டும். காற்று உள்ளே வரும் பக்கம் நீங்கள் நிற்க, தூசி உங்களைத் தாண்டாமல் வெளியே போகும். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து ஃபேனை வைத்துவிடாதீர்கள்!

அபார்ட்மென்ட், மழைக்காலம் என்று ஜன்னல் திறக்க வழியில்லாதவர்களுக்கு ஃபில்டர் பெட்டி உதவும். அமெரிக்காவில் 2020-ல் பிரபலமான ஒரு முறை எளிமையானது. நாலு பக்கமும் மெர்வ் 13 ரக ஃபில்டர், மேலே ஒரு பெட்டி ஃபேன், அவ்வளவுதான். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.

துண்டு கட்டினால் போதுமா?

போதாது. துண்டும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரத்தில் விலகி நிற்கும், தூசி அந்த வழியாகவே போகும். என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. மெஷின் நின்றதும் கழற்றுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. தூசி இன்னும் மேலேதான் இருக்கிறது.

பெருக்குவதற்குப் பதில் வேக்குவம், அல்லது ஈரத்துணி. ஏர் கம்ப்ரஸரால் சட்டையை ஊதுவது வேண்டவே வேண்டாம். குழந்தையைத் தூக்கும் முன் சட்டையை மாற்றிவிடுங்கள்.

தீ விஷயத்திலும் கவனம் தேவை. மரத்தூள் உள்ள வேக்குவத்தில் இரும்பு அறுத்த பொறி போனால் உள்ளேயே புகைய ஆரம்பிக்கும். ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். பிளைவுட், எம்.டி.எஃப். தூளை அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.