மர அடுக்கு நழுவாமல் இருக்க கம்ப்யூட்டரில் ஒரு வழி

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவர்கள் பெரும்பாலும் கடிதம், பயோடேட்டா, திருமண அழைப்பு என்று அச்சிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். கையால் பொருள் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே கம்ப்யூட்டர் ஒரு நல்ல வரைபட மேஜை. நான் மரத்தில் எழுத்துகளும் உருவங்களும் வெட்டுவதைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். எங்கள் பகுதி அங்கன்வாடிக்கு உயிரெழுத்துகள் 12-ஐயும் நான்கு செட் வெட்டித் தர முன்வந்தபோது கடைப்பிடித்த முறையை இங்கே தருகிறேன்.

இதற்குப் பயன்படும் இயந்திரம் ஸ்க்ரோல் சா. பார்வைக்குத் தையல் மெஷினைப் போல இருக்கும். ஊசிக்குப் பதில் மெல்லிய ரம்ப பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையை நாம் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு செட்டுக்கு 48 எழுத்துகள். ஒவ்வொன்றாக வெட்டினால் 48 முறை. நான்கு பலகைகளை அடுக்கி ஒன்றாக வெட்டினால் 12 முறை போதும். நான்கு குழந்தைகளின் கையிலும் ஒரே வடிவ 'அ' இருக்கும்.

ஆனால் அடுக்கு நழுவினால் நான்கு எழுத்தும் ஒன்றாகக் கெடும். அதைவிட முக்கியம், விரல். பிளேடு மேலே ஏறும்போது பிடிமானம் இல்லாத பலகையைத் தூக்கித் தட்டும். எனவே எங்கே ஆணி, எங்கே டேப் என்பதைப் பலகையை எடுக்கும் முன், கம்ப்யூட்டரிலேயே முடிவு செய்துவிடுகிறேன்.

எழுத்தை வரைதல்

இங்க்ஸ்கேப் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவும் இலவசமே. அதில் போல்டு வகையைத் தேர்ந்தெடுக்கவும். ஒல்லியான எழுத்து மரத்தில் எளிதில் உடைந்துவிடும்.

ஒரு பக்கம் 120 மி.மீ. உள்ள சதுரம் ஒன்றை வரைந்து, அதன் நடுவே எழுத்தை டைப் செய்திடவும். பின் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்தினால் எழுத்து வெறும் கோட்டு வடிவமாக மாறும். உயரம், அகலம் இரண்டில் எது பெரிதோ அதை 80 மி.மீ. ஆக அமைக்கவும். பூட்டு அடையாளத்தை முதலில் கிளிக் செய்துவிட்டால் வடிவம் கோணாது. ஓர் ஏ4 தாளில் இப்படி இரண்டு எழுத்துகள் அடங்கும்.

தமிழ் எழுத்துகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'ஈ'யில் உள்ள புள்ளிகள் தனியே நிற்கும். 'ஔ' இரண்டு துண்டாக இருக்கும். எழுத்துருவைப் பொறுத்து 'ஊ'வும் பிரிந்திருக்கலாம். அப்படியே வெட்டினால் துண்டு துண்டாக விழும். 5 மி.மீ. அகலத்தில் சிறு பாலம் ஒன்றை வரைந்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் யூனியன் என்பதில் கிளிக் செய்தால் ஒரே உருவமாகிவிடும்.

மூன்று லேயர்கள்

இனி கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் அழுத்தினால் லேயர் பட்டியல் கிடைக்கும். லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்றது. வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். மூன்று லேயர்கள் அமைக்கவும்.

முதலாவது 'எழுத்து'. வெட்ட வேண்டிய கோடு.

இரண்டாவது 'ஆணி'. எழுத்துக்கு வெளியே, வீணாகப் போகும் பகுதியின் நான்கு மூலைகளிலும் சிவப்புப் புள்ளிகள். வெட்டும் கோட்டிலிருந்து 10 மி.மீ. ஆவது தள்ளி இருக்கட்டும். பிளேடு ஆணியில் பட்டால் முறிந்துவிடும்.

மூன்றாவது 'டேப்'. எழுத்தின் உடலுக்குள், கோட்டைத் தொடாமல், 6 மி.மீ. அகலச் சிறு கட்டங்கள். ஓர் எழுத்துக்கு மூன்று, நான்கு போதும்.

ஆணி இருக்கும்போது டேப் எதற்கு என்று கேட்கலாம். ஆணி பிடித்திருப்பது கழிவுப் பகுதியை மட்டுமே. கடைசி வெட்டு முடிகிற நேரத்தில் எழுத்து அதிலிருந்து விடுபடும். அப்போது அதன் நான்கு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க எதுவும் இருக்காது. பெரும்பாலும் வடிவம் கெடுவது இந்தக் கடைசி நொடியில்தான். உள்ளே ஒட்டிய டேப் அந்த வேலையைச் செய்கிறது.

அச்சிடும்போது

பைலை பி.டி.எப். ஆகச் சேமித்து அதிலிருந்து அச்சிடவும். பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட்' என்று இருந்தால் படம் சுருங்கும். 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து வைத்து, அச்சானதும் ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

முதலில் 'எழுத்து', 'ஆணி' இரண்டையும் காட்டி ஒரு பிரதி. பிறகு 'டேப்' லேயரையும் சதுரத்தையும் மட்டும் காட்டி இன்னொரு பிரதி. இரண்டாவதைச் சதுரத்தின் அளவுக்கு வெட்டி அட்டையில் ஒட்டி, கட்டங்களைக் கத்தியால் வெட்டி எடுத்தால் ஓர் அச்சு கிடைக்கும். ஒவ்வொரு பலகை மீதும் இதை ஒரே மூலையில் பொருத்திப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

அடுக்குதல்

நான் பயன்படுத்துவது 4 மி.மீ. பிளைவுட். நான்கு பலகை 16 மி.மீ. அடியில் இன்னொரு பழைய 4 மி.மீ. பலகை, ஆக 20 மி.மீ. முக்கால் அங்குல ஆணி 19 மி.மீ. நீளம். அது நான்கையும் கடந்து அடிப்பலகையில் 3 மி.மீ. இறங்கி நின்றுவிடும். நுனி வெளியே வந்து மெஷின் மேஜையைக் கீறாது. கீழ்ப்பக்கம் சிம்பு பெயர்வதையும் அடிப்பலகை தடுக்கும்.

குறித்த இடங்களில் இருபுறமும் ஒட்டும் மெல்லிய டேப்பை ஒட்டவும். ஐந்து பலகைகளுக்கு இடையே நான்கு இடங்களிலும் டேப் வேண்டும். பஞ்சு போன்ற தடித்த டேப் வேண்டாம், அது அசையும். மேல்பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மீது அச்சுத் தாளை க்ளூ ஸ்டிக் கொண்டு ஒட்டினால் பின்னர் எளிதாக உரியும். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் தண்ணீர்ப் பசை தடவாதீர்கள், மை பரவும். அடுக்கை நன்றாக அழுத்திய பின் ஆணிகளை அடிக்கவும்.

வேறு வழிகளும் உண்டு. ஓரங்களில் மாஸ்கிங் டேப் சுற்றலாம், ஹாட் க்ளூ வைக்கலாம். இவை விரைவானவை. ஆனால் பிளேடு ஓரத்தை வெட்டி நுழைந்ததும் அங்கே பிடி தளரும், எழுத்தின் நடுவையும் இவை பிடிக்காது. பலகைகளுக்கு இடையே செய்தித்தாள் வைத்து ஃபெவிகால் தடவுவது உறுதியான முறை. எனினும் காய ஓர் இரவு வேண்டும், பிரித்த பின் தாளைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

வெட்டுதல்

மேஜைக்கும் பிளேடுக்கும் சரியாக 90 டிகிரி இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் பாருங்கள். 1 டிகிரி சாய்ந்தாலே 20 மி.மீ. அடுக்கில் மேலுக்கும் கீழுக்கும் 0.35 மி.மீ. விலகல் வரும். இந்தத் தடிமனுக்கு 5 அல்லது 7 எண் பிளேடு பொருத்தமானது.

'அ', 'இ' போன்றவற்றின் சுழிக்குள் மூடிய பகுதி இருக்கும். அடுக்கை இணைத்த பிறகே அங்கே 2 மி.மீ. துளை போட்டு, பின் இல்லாத பிளேடை நுழைக்கவும். உட்பகுதிகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டவும். பலகையைத் தள்ளாமல் பிளேடு கேட்கும் வேகத்தில் கொடுங்கள். தள்ளினால் பிளேடு வளைந்து, கீழ் எழுத்து வேறு வடிவமாகும். கண்ணாடியும் முகமூடியும் அணியவும். சிறு துண்டு சிக்கினால் ஸ்விட்சை அணைத்த பின்னரே எடுக்கவும்.

வெட்டிய எழுத்துகளை மெல்லிய கத்தியால் மெதுவாகப் பிரிக்கவும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் சற்றுச் சூடு காட்டினால் பசை இளகும். வேகமாக இழுத்தால் பிளைவுட்டின் மேல்தோல் உரியும். குழந்தைகள் தொடுபவை என்பதால் எல்லா விளிம்புகளையும் உப்புத் தாளால் தேய்க்க மறக்காதீர்கள்.

முதல் முயற்சிக்கு இரண்டு பலகை அடுக்கும் 'ட' போன்ற எளிய எழுத்தும் போதும். பைலை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த செட் கேட்டு யாராவது வந்தால் ஆணியும் டேப்பும் எங்கே என்று மீண்டும் யோசிக்க வேண்டியதில்லை, அச்சிட்டால் போதும்.